நாண் ஏற்றத் தெரியுமா உங்களுக்கு?

"இதென்ன, வீட்டுப் பெண்கள் படிக்கும் பத்திரிகையில் வில்வித்தையா?" என்று புருவத்தை வளைக்கிறீர்கள் அல்லவா? நன்றாக வளையுங்கள். புருவத்தைத்தான் நம் கவிஞர்கள் காலங்காலமாக வில் என்று சொல்லி வந்திருக்கிறார்களே! ஆகவே, வில் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. அம்பு, நாண் முதலிய மற்றச் சாமான்களைப் பற்றி மட்டும் நான் சொன்னால் போதும்.

விஷயம் இதுதான். உங்கள் பெண் ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறாள். புத்தகப் பையைக் கூடத்தில் போட்டுவிட்டு, "அம்மா, நான் வில்வித்தை கற்றுக் கொள்ளப் போகிறேன்" என்கிறாள். அவளுடைய அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறார். "பெண் பிள்ளைக்கு வில் எதற்கடி?" என்கிறாள் பாட்டி. பெண் ஒரு தாளை நீட்டுகிறாள். நீங்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். தாளிலோ ரீகர்வ், நாக், ஆங்கர், எண்ட் என்று வாயில் நுழையாத வார்த்தைகள். புரியாத காரியத்துக்குக் கையெழுத்துப் போட எந்தத் தாய்க்கு மனம் வரும்? "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லிவிடுகிறோம். அந்த அடுத்த வருஷம் வருவதே இல்லை.

எனக்கும் அந்த வார்த்தைகள் புரியாமல்தான் இருந்தன. விஜயதசமி அன்று காரைக்குடிக்குப் போயிருந்தபோதுதான், அவற்றில் பெரும்பாலானவை நம் வீட்டுக்குள்ளேயே புழங்கும் தமிழ்ச் சொற்கள் என்று கண்டுகொண்டேன்.

அம்மன் போடும் அம்பு

காரைக்குடியில் மகர்நோன்புத் திடல் என்று ஒரு மைதானம் இருக்கிறது. கூட்டமும் கண்காட்சியும் நடக்கும் இடமாகத்தான் பலருக்கு அது தெரியும். ஆனால் அதன் பெயர் ஒரு விழாவின் பெயர். நவராத்திரி முடிந்த பத்தாம் நாள், கோயில் தெய்வங்கள் வெளியே எழுந்தருளி அம்பு போடும் விழாவைச் செட்டிநாட்டிலும் இராமநாதபுரத்துச் சீமையிலும் மகர்நோன்பு என்பார்கள். இராமநாதபுரத்திலும் ஒரு மகர்நோன்புப் பொட்டல் உண்டு. அங்கே அம்பு போடுகிறவள், சேதுபதிகளின் அரண்மனையில் கோயில் கொண்டிருக்கும் இராஜராஜேசுவரி அம்மன்.

கூட்டத்தில் என் பக்கத்தில் ஒரு முதியவரும் அவருடைய பேத்தியும் நின்றிருந்தார்கள். சிறுமிக்கு எட்டு வயதிருக்கும்.

"ஆயா, அம்மன் எதுக்கு அம்பு விடுது?"

"அசுரனை அழிக்கத்தான்."

"அப்ப நானும் விடலாமா?"

ஆயா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியா தாயி, இவ பேச்சை! அம்மன் விடுறா, நான் விட்டா என்னங்கிறா. நான் என்னத்தைச் சொல்ல?"

எனக்கும் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சிறுமிக்குச் சொல்ல வேண்டிய பதில்தான் இந்தக் கட்டுரை.

எறிவது வேறு, எய்வது வேறு

சிவகங்கைச் சீமை என்றதும் பலருக்கு வளரி ஞாபகம் வரும். பிறை போல் வளைந்த ஆயுதம் அது. மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருதுவிடம் தான் ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக் கொண்டதாகக் கர்னல் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி 1830-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தேர்ந்த கை எறிந்தால் நூறு கஜ தூரத்துக்குள் குறி தப்பாது என்பது அவர் சொன்ன கணக்கு.

ஆனால் வளரி எறிகிற ஆயுதம். கையின் வேகம்தான் அதன் வேகம். அம்போ எய்கிற ஆயுதம். கையின் பலத்தை வில் வாங்கித் தனக்குள் சேர்த்து வைத்து, ஒரே கணத்தில் அம்புக்குக் கொடுத்துவிடுகிறது. கல்லை எறிந்தான், அம்பை எய்தான் என்று தமிழ் இரண்டையும் பிரித்தே பேசுகிறது. உங்கள் பெண்ணுக்கு முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டிய சொல், இந்த 'எய்தல்'.

1801 அக்டோபர் 24-ஆம் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதன் பிறகு தென்னாட்டுச் சீமைகளில் ஆயுதங்களைக் கும்பினியார் பறித்தார்கள். வில்லும் வளரியும் ஜனங்களின் கையை விட்டுப் போயின. வில்லின் சொற்கள் மட்டும் போகவில்லை. கோயிலில் இருந்தன, கம்பன் பாட்டில் இருந்தன, நம் பூக்கூடையிலும் கழுத்திலும்கூட இருந்தன. எப்படி என்று பாருங்கள்.

கழுத்திலும் ஒரு நாண்

வில்லின் இரு முனைகளையும் இழுத்துக் கட்டும் கயிற்றுக்கு நாண் என்று பெயர். தாலிக் கயிற்றை மங்கல நாண் என்கிறோம். குழந்தையின் இடுப்பில் கட்டுவது அரைநாண். அதை அரைஞாண் என்றும் சொல்வார்கள். பெண்ணின் வெட்கத்துக்கும் நாண் என்றே பெயர். "பெண்ணுக்கு நாண் வேண்டும்" என்று பாட்டி சொன்னால், "எந்த நாண், பாட்டி?" என்று உங்கள் பெண் இனி தைரியமாகக் கேட்கலாம்.

வில்லின் முனையில் நாணின் கண்ணியை மாட்டுவதற்கு ஒரு வெட்டு இருக்கும். அதற்கு விற்குதை என்று பெயர். அந்தக் குதையில் நாணை மாட்டுவதுதான் நாண் ஏற்றுதல். உபயோகம் இல்லாத நேரத்தில் சாதாரண வில்லின் நாணை இறக்கி வைத்துவிடுவார்கள். எப்போதும் வளைந்தே இருந்தால் மரவில்லின் முறுக்குத் தளர்ந்துவிடும்.

காரைக்குடியில் இதைச் சொல்லும்போது கம்பனை விட்டுவிட முடியுமா? சா. கணேசன் 1939-இல் அங்கே கம்பன் கழகத்தைத் தொடங்கினார். ஆண்டுதோறும் பங்குனியில் நடக்கும் கம்பன் விழா, கம்பர் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையில் போய் நிறைவு பெறும். சீதையின் சுயம்வரத்தில் இராமன் வில்லை ஒடித்த கதையை அந்த வட்டாரத்துக் குழந்தைகள்கூடச் சொல்லும். ஆனால் பரீட்சை வில்லை ஒடிப்பதில் இல்லை, நாண் ஏற்றுவதில் இருந்தது. ஏற்றும் வேகத்தில் வில் முறிந்தது. பலத்தோடு பக்குவமும் வேண்டிய வேலை அது. இன்றும் பயிற்சிக் களத்தில் முதல் பாடம் அதுதான். புதிதாகக் கற்பவர்கள் வெறும் கையால் வில்லை வளைத்து நாணை மாட்டக் கூடாது. அதற்கென்றே உள்ள கயிற்றை இரு முனையிலும் மாட்டி, காலால் மிதித்து, வில்லை மேலே தூக்கி ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் வில் முறுக்கிக் கொள்ளும், அல்லது துள்ளி முகத்தில் அடிக்கும்.

தொடுப்பது உங்களுக்குத் தெரிந்த வேலைதான்

அம்பில் நான்கு உறுப்புகள். முன்னால் இரும்பு முனை, நடுவில் தண்டு, பின்னால் சிறகு, கடைசியில் நாணைக் கவ்வும் சிறு பிளவு. இந்தப் பிளவைத்தான் களத்தில் 'நாக்' என்கிறார்கள். சிறகு அழகுக்காக வைத்ததல்ல. அது காற்றைப் பிடித்து அம்பின் வாலை ஒழுங்குபடுத்தி, முனையை நேரே போகச் செய்கிறது. மூன்று சிறகுகளில் ஒன்று மட்டும் பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும். சாதாரணப் பயிற்சி வில்லில் அந்தச் சிறகு வில்லைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

அம்பை நாணில் பொருத்துவதற்கு அம்பு தொடுத்தல் என்று பெயர். பூத் தொடுக்கிறோமே, அதே சொல்தான். அம்புக்குச் சரம் என்றும் ஒரு பெயர் உண்டு. மழை போல் அம்பு பொழிவது சரமாரி. "மாமியார் சரமாரியாகக் கேள்வி கேட்டார்" என்று சொல்லும்போதெல்லாம் நாம் யுத்தகளத்தில்தான் நிற்கிறோம்!

தொடுத்த பிறகு வாங்க வேண்டும். கடையில் வாங்குவதல்ல. வில்லை வாங்குதல் என்றால் பழந்தமிழில் நாணை இழுத்து வில்லை வளைத்தல் என்று பொருள். சுட்டுவிரல் அம்புக்கு மேலே, நடுவிரலும் மோதிரவிரலும் கீழே. இந்த மூன்று விரல்களால் நாணைப் பிடித்து இழுக்க வேண்டும். கை தாடைக்கு அடியில் வந்து நிற்கும். நாண் உதட்டையும் மூக்கு நுனியையும் தொடும். ஒவ்வொரு முறையும் அணு பிசகாமல் அதே இடத்தில் வந்து நிற்பதற்குத்தான் 'ஆங்கர்' என்று பெயர். நங்கூரம் என்று வைத்துக் கொள்ளுங்களேன். நங்கூரம் இன்று ஓர் இடம், நாளை ஓர் இடம் என்றால், அம்பும் அப்படியே போகும்.

பிறகு விடுதல். விரலை வெடுக்கென்று எடுக்கக் கூடாது. விரல்கள் தளர வேண்டும், நாண் தானாக நழுவ வேண்டும்.

ஒன்றை மட்டும் பெண்ணிடம் பத்துத் தடவை சொல்லி வையுங்கள். அம்பு தொடுக்காமல் வெறும் நாணை இழுத்து விடவே கூடாது. வில் சேர்த்து வைத்த பலத்தை வாங்கிக் கொள்ள அம்பு இல்லாவிட்டால், அது வில்லின் மேலேயே திரும்பிப் பாயும். வில் வெடிக்கலாம், நாண் அறுந்து கண்ணில் படலாம். "சும்மா இழுத்துப் பார்த்தேன்" என்பதுதான் வில் ஒடிந்த பல வீடுகளில் கேட்கும் சமாதானம்.

நான் கண்ட கோதை

வில்லாளிகள் நாண் அடியிலிருந்து தப்ப முன்கையில் ஒரு தோற்கட்டு கட்டிக் கொள்வார்கள். பழைய நூல்களில் அதற்குக் கோதை என்று பெயர். கோதை என்றால் பூமாலை. கோதை என்றால் பெண். கோதை என்றால் நம் ஆண்டாள். வடமொழியில் 'கோதா' என்றால் உடும்பு என்றும், வில்லாளியின் தோற்கட்டு என்றும் பொருள் உண்டு. பெண்ணின் பெயரும் வில்லாளியின் கவசமும் தமிழில் ஒரே சொல்லாக வந்து சேர்ந்திருப்பது அழகாக இல்லையா? விரல்களைக் காக்கும் உறைக்குப் புட்டில் என்று பெயர்.

இந்தக் கோதையின் அருமையை நான் பட்டுத்தான் தெரிந்து கொண்டேன். கட்டுரை எழுதுமுன் ஒரு தரமாவது எய்து பார்ப்போம் என்று ஒரு களத்துக்குப் போனேன். "ஆர்ம் கார்டு போட்டுக் கொள்ளுங்கள்" என்று பயிற்சியாளர் சொன்னார். ஓர் அம்புக்கு அது எதற்கு என்று நான்தான் அலட்சியம் செய்தேன். இடது கையில் இரண்டு கண்ணாடி வளையல்கள் வேறு. நாணை விட்டேன். அம்பு எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. வளையல்கள் இரண்டும் நொறுங்கியது தெரியும். முன்கையில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு தடிப்பு. ஒரு வாரம் முழுக்கை ரவிக்கையோடு அலுவலகம் போனேன்!

ஆகவே, சகோதரிகளே, களத்துக்குப் போகும் பெண்ணுக்கு வளையல் வேண்டாம். நீண்ட சங்கிலி, தொங்கட்டான், பறக்கும் தாவணி, விரித்த கூந்தல் எதுவும் வேண்டாம். பின்னலை முதுகுப் பக்கம் கட்டிவிடுங்கள். நாண் மூக்கைத் தொடும் என்றேன் அல்லவா? மூக்குத்தி போட்டவர்கள் அதையும் கவனிக்க வேண்டும்.

அம்புகளை வைக்கும் கூட்டுக்கு அம்பறாத்தூணி என்று பெயர். பிரித்துப் பாருங்கள்: அம்பு அறாத தூணி. எடுக்க எடுக்க அம்பு குறையாத கூடு. பெயர் வைத்தவர் நல்ல குடித்தனக்காரராக இருக்க வேண்டும்; அரிசிப் பானைக்கும் நாம் அதைத்தானே விரும்புகிறோம்!

டவரா அளவு குறி

இனி இலக்கு. ஒலிம்பிக் போட்டியில் வில்லாளிக்கும் இலக்குக்கும் இடையே 70 மீட்டர், அதாவது சுமார் 230 அடி. செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய்க் கொண்டே இருக்கும். ஒரு தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியே வரலாம். முகப்பில் நின்று, பின்வாசலில் வைத்த டவராவை அடிப்பது போன்ற காரியம் இது. இலக்கின் முழு அகலம் 122 சென்டிமீட்டர். நடுவே உள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் 12.2 சென்டிமீட்டர்தான். வெளியிலிருந்து உள்ளே வெள்ளை, கறுப்பு, நீலம், சிவப்பு, பொன் என்று ஐந்து நிறங்கள். வெள்ளைக்கு 1, 2. கறுப்புக்கு 3, 4. இப்படியே ஏறிப் பொன்னுக்கு 9, 10. புதியவர்களுக்குப் பயப்பட வேண்டாம். 10 மீட்டரில்தான் ஆரம்பிப்பார்கள்.

'எண்ட்' என்பது ஒரு சுற்று. மூன்று அல்லது ஆறு அம்புகள் எய்தால் ஒரு சுற்று முடியும். அப்புறம்தான் எல்லாரும் சேர்ந்து போய் அம்புகளை எடுத்து வர வேண்டும். இதற்குச் சீழ்க்கைதான் கட்டளை. இரண்டு ஊதினால் கோட்டுக்கு வரலாம். ஒன்று ஊதினால் எய்யலாம். மூன்று ஊதினால் அம்பு எடுக்கப் போகலாம். விடாமல் பல தடவை ஊதினால் அபாயம். எய்பவர்கள் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். இலக்கை நோக்கி நடக்க வேண்டும், ஓடக் கூடாது. குத்தி நிற்கும் அம்புகளின் வால் குழந்தையின் கண் உயரத்தில் இருக்கும். அம்பைப் பிடுங்குகிறவருக்குப் பின்னால் நிற்பதும் ஆபத்து.

எந்த வில், எந்தக் கண்?

வில்லில் முக்கியமாக மூன்று ஜாதி. முனைகள் முன்பக்கம் எதிராக வளைந்திருப்பது ரீகர்வ். எதிர்வளை வில் எனலாம். ஒலிம்பிக்கில் இதுவரை நடைபெற்று வருவது இதுதான். கிணற்று இராட்டினம் போல இரு முனையிலும் சக்கரம் வைத்தது காம்பவுண்ட். முழுக்க இழுத்த பிறகு கையில் தங்கும் பாரத்தைச் சக்கரங்கள் பெரும்பகுதி குறைத்துவிடும். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையர் போட்டியாக இதையும் சேர்க்கத் தீர்மானித்திருக்கிறார்கள். மூன்றாவது நம் மூங்கில் வில். இதற்கென்றே 'இந்தியன் ரவுண்டு' என்ற பிரிவு நம் தேசியப் போட்டிகளில் இருக்கிறது. கையைக் கடிக்காமல் ஆரம்பிக்க இதுவே சௌகரியம்.

வில்லின் கனத்தைக் கேட்காதீர்கள்; இழுவிசையைக் கேளுங்கள். அதைப் பவுண்டில் சொல்வார்கள். சிறு குழந்தைக்கு 10 முதல் 15 பவுண்டு போதும். வளர்ந்தவர்கள் 20 பவுண்டுக்கு அருகில் ஆரம்பிக்கலாம். 20 பவுண்டு என்பது சுமார் 9 கிலோ. கிணற்றில் நீர் சேந்திய குடும்பத்துப் பெண்களுக்கு இதென்ன பிரமாதம்! கனமான வில்லை அவசரப்பட்டு எடுத்தால் தோள்தான் கெடும்.

எந்தக் கையால் இழுப்பது என்பதைக் கையைக் கேட்டுத் தீர்மானிக்கக் கூடாது. கண்ணைக் கேட்க வேண்டும். இப்போதே செய்து பாருங்கள். இரு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களுக்கு நடுவே ஒரு சிறு துளை விட்டு, அதன் வழியே எதிர்ச்சுவர்க் காலண்டரைப் பாருங்கள். இடது கண்ணை மூடுங்கள். காலண்டர் துளைக்குள்ளேயே நின்றால் உங்களுக்கு வலக்கண் தலைமை. இடது கையில் வில், வலது கையில் நாண். காலண்டர் மறைந்து போனால் தலைமை இடக்கண்ணுடையது. பயிற்சியாளரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

ஆயாவுக்குப் பதில்

"பெண் பிள்ளைக்கு வில் எதற்கு?" என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. ஒலிம்பிக்கில் பெண்கள் 1904-ஆம் ஆண்டே வில்லெடுத்துவிட்டார்கள். 1908-இல் லண்டனில் தங்கம் வென்ற குயீனி நியூவால் என்ற ஆங்கிலப் பெண்மணிக்கு அப்போது வயது 53. ஆகவே, பெண்ணோடு சேர்ந்து அம்மாவும் பெயர் கொடுக்கலாம்! 1988 முதல் 2024 வரை பத்து ஒலிம்பிக்குகளிலும் பெண்கள் குழுத் தங்கத்தைத் தென்கொரியா வேறு யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. நம் ராஞ்சியில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளாகப் பிறந்த தீபிகா குமாரி, 2012-இல் உலகின் முதலிடத்துக்கு வந்தார். ஜம்மு-காஷ்மீரின் கிஷ்த்வார் மலைப் பகுதியில் பிறந்த சீதல் தேவிக்குப் பிறவியிலேயே இரு கைகளும் இல்லை. காலால் வில்லைப் பிடித்து, தோளாலும் தாடையாலும் நாணை வாங்கி எய்கிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் சேர்ந்து வெண்கலம் வென்றபோது அவருக்கு வயது 17.

ஆகவே, அந்தத் தாளை எடுங்கள். இனி அதில் உள்ள வார்த்தைகள் உங்களுக்கு அந்நியமில்லை. கையெழுத்துக்கு முன் களத்துக்கு ஒரு நடை போய் நாலு கேள்வி மட்டும் கேளுங்கள். பிள்ளைக்குக் கொடுக்கும் வில்லின் இழுவிசை எத்தனை பவுண்டு? கைக்குக் கோதையும் விரலுக்குப் புட்டிலும் உண்டா? இலக்குக்குப் பின்னால் மண்மேடோ வலையோ இருக்கிறதா? சீழ்க்கை ஊதப் பெரியவர் ஒருவர் எப்போதும் கூடவே நிற்பாரா? நான்குக்கும் நல்ல பதில் கிடைத்தால் யோசிக்காமல் போட்டுவிடுங்கள்.

பாட்டியைச் சமாதானம் செய்வது உங்கள் பொறுப்பு. அவர் பூத் தொடுக்க உட்காரும் நேரமாகப் பார்த்துப் பேச்சை ஆரம்பியுங்கள்.